கொறகொறத்த பெட்டைக்கோழி: மருந்துக்கு முன் பார்த்தவையும் கூண்டில் மாற்றியவையும்

கோழியின் மூச்சில் உள்ள கோளாறைப் பகலில் கண்டுபிடிப்பது கடினம். மேயும் நேரத்தில் நோயுற்ற கோழியும் மற்றவற்றோடு சேர்ந்து தீனிக்கு ஓடிவரும். நலிந்திருப்பது வெளியே தெரிந்தால் கூட்டத்தில் கொத்துப்பட நேரும் என்பதால் இயன்றவரை மறைக்கும். கோழிகள் அடைந்து ஊர்ச் சத்தமும் ஓய்ந்த பிறகு, விளக்கில்லாமல் கூண்டருகே சிறிது நேரம் நின்றால்தான் உண்மை தெரியும். கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக் கொல்லைக் கூண்டில் அப்படித்தான் ஒரு சத்தம் காதில் விழுந்தது: மூச்சை இழுக்கும்போதெல்லாம் கொறகொறவென்று ஈரமான ஒலி, இடையிடையே தலையை உதறிக்கொண்டு ஒரு சிறு தும்மல்.

சத்தம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகைப் பெட்டை ஒன்றிடமிருந்து வந்தது. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் சிறுவிடைகளையே வளர்க்கிறோம். முட்டைக்கும் அடைக்கும் பொருத்தமானவை, எந்தத் தீனியையும் தின்று வளரக்கூடியவை. கொல்லையின் தென்சுவரை ஒட்டி மூன்று பக்கம் கம்பிவலையும் மேலே சிமென்ட் தகடும் வைத்துக் கூண்டு கட்டப்பட்டிருக்கிறது. மழைக்காலம் வந்தால் சாரல் உள்ளே வராதபடி மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் கூண்டிலும் கட்டியிருந்தது. அந்தத் தார்ப்பாய்க்கும் அந்தக் கொறகொறப்புக்கும் இருந்த தொடர்பைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றிரவே கோழியைப் பிரித்து, காலியாகக் கிடந்த மாட்டுத்தொழுவத்தில் ஒரு பஞ்சாரத்துக்குள், அதாவது கோழியை அடைக்கும் கூடைக்குள், விட்டோம். பிரிப்பதென்றால் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குக் கொண்டுபோவது மட்டும் போதாது. கூண்டிலிருந்து அதை நோக்கிக் காற்று வீச வேண்டுமே தவிர, அதிலிருந்து கூண்டை நோக்கி வீசக் கூடாது. தீனியும் தண்ணீரும் வைக்கும்போது நலமான கோழிகளை முதலில் பார்த்து முடித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அதன் தண்ணீர்க் கிண்ணம் மற்றவற்றின் கிண்ணங்களோடு கலக்கக் கூடாது. தொழுவத்துக்கென்று ஒரு பழைய செருப்பை ஒதுக்கினோம்; கூண்டுக்குப் போகும்போது அதை அணிவதில்லை.

மறுநாள் காலை, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, “சளிதான் தம்பி. மிளகையும் சின்ன வெங்காயத்தையும் தட்டி உருட்டிப் போடுங்க, நாளைக்குச் சரியாயிடும்” என்றார். மிளகு, வெங்காயத்தின் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் சளி என்பது நோயின் பெயரல்ல, அறிகுறிதான். ஒரே கொறகொறப்பு பாக்டீரியாவாலும் வரும், வைரஸாலும் புழுவாலும் பூஞ்சையாலும் வரும், நோய்க்கிருமியே இல்லாமல் கெட்ட காற்றாலும் வரும். எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை, எது ஊரையே பாதிக்கும் என்பது தெரியாமல் எதையும் ஊட்டுவதில் பொருளில்லை என்பதால், முதலில் கோழியை முறையாகப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கையில் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. பிடித்த பிறகு பதற்றத்தில் அது கூடிவிடும். அமைதியாக இருக்கும் பெட்டைக்கோழி நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 35 முறை மூச்சுவிடும். மூச்சு விடுவதே வெளியே தெரியாது. இந்தக் கோழியோ ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசையும்படி சிரமப்பட்டது. வெயிலில் வாயைத் திறந்து இளைப்பதும் இதுவும் ஒன்றல்ல. வெப்பத்தால் இளைக்கும் கோழி இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருக்கும், தொண்டையில் ஈரச் சத்தம் இருக்காது, நிழலுக்கு வந்ததும் அடங்கிவிடும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் உடலுக்குள் இருக்கும் ஒன்பது காற்றுப்பைகள் கொல்லனின் துருத்தியாக விரிந்து சுருங்கி நுரையீரல் வழியே காற்றைச் செலுத்துகின்றன. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் வாயும் மூக்கும் திறந்திருந்தும் அது மூச்சுமுட்டிச் சாகக்கூடும். எனவே கால்களுக்கிடையில் விரலை விட்டு, வயிற்றடியை உள்ளங்கையில் தாங்கி, நெஞ்சை அழுத்தாமல், தலை உயர்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டேன்.

இடது மூக்குத் துளையில் சளியும் தீனித் தூசியும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கண்ணின் முன்மூலையில் சோப்பு நுரையின் அளவுக்கு நுண்ணிய குமிழிகள். துடைத்தெடுத்தால் சிறிது நேரத்தில் மறுபடியும் ஊறின. முகம் சற்றே உப்பியிருந்தாலும் கண் மூடிப்போகும் அளவுக்கு வீக்கம் இல்லை. அலகைத் திறந்து சிறு டார்ச்சால் பார்த்தபோது, நாக்கின் அடியில் உள்ள மூச்சுக்குழல் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. அதன் ஓரத்தில் தெளிந்த சளி இழையாக ஆடியது. வாயிலிருந்து அழுகல் நாற்றம் வரவில்லை. கொண்டை வெளிறியிருந்ததே தவிர நீலம்பாரிக்கவில்லை. இரைப்பையில் முந்தைய நாள் தீனி தங்கிக் கெட்டியாகவில்லை. எச்சம் வழக்கமான நிறத்திலேயே இருந்தது.

இந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோயைத் தள்ளிவைக்க உதவின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை மூச்சுத்திணறலோடு சேர்ந்து வந்து, அடுத்தடுத்துக் கோழிகள் விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசிதான் உண்டு, வந்த பின் மருந்தில்லை. முகம் வேகமாக வீங்கி, கண் மூடி, மூக்குச் சளி தாங்க முடியாத நாற்றமடித்தால் அது கொரைசா எனப்படும் தொற்றுச் சளி. வாய்க்குள்ளும் மூச்சுக்குழல் வாயிலும் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல அப்பியிருந்தால் கோழி அம்மையின் உள்வகை. மழைக்காலத்தில் கொசு பெருகும்போது அதையும் எதிர்பார்க்க வேண்டும். கழுத்தை நீட்டி நீட்டி வாய்பிளக்கும் இளங்குஞ்சுகளுக்கு மூச்சுக்குழல் புழு இருக்கலாம். ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு சிவப்பாகக் கவட்டை வடிவில் இருக்கும் அந்தப் புழு மண்புழு, நத்தை வழியாகவும் வருவதால், மழை பெய்து மண்புழு மேலே வரும் காலத்தில் கூடும். இவை எவற்றுக்கும் எங்கள் கோழியின் நிலை பொருந்தவில்லை. மெதுவாகத் தொடங்கியது, கண்ணில் நுரை, ஈரக் கொறகொறப்பு, குளிரும் ஈரமும் கூடிய நேரம் ஆகிய எல்லாம் சேர்ந்து மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நாட்பட்ட சுவாச நோயையே சுட்டின.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல கோழிகள் முன்னறிகுறியே இல்லாமல் திடீரென்று செத்தாலோ, கொண்டையும் தாடியும் நீலமாகித் தலை வீங்கினாலோ, வீட்டு வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கே இடமில்லை. பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புள்ளதால், செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல், வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ தெரிவிப்பதுதான் முறை.

என் ஊகத்தை மட்டும் நம்பி மருந்து வாங்க விருப்பமில்லாததால் கால்நடை மருந்தகத்துக்குக் கோழியைக் கூடையில் எடுத்துச்சென்றேன். கிளம்பும் நேரத்தில் உறவினர் ஒருவர் தம் வீட்டில் மிச்சமிருந்த பொடிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் மருத்துவரிடம் காட்டினேன். அதில் இருந்தது அமாக்சிசிலின், கோலிஸ்டின் என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அவர் தலையை அசைத்துவிட்டுச் சொன்ன விளக்கம் எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கியே அதைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, ஆகவே அமாக்சிசிலின் எவ்வளவு கொடுத்தாலும் அதைத் தொடாது. கோலிஸ்டினோ குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே அரிது; மூச்சுக்குழலுக்கு அது போய்ச்சேராது. மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் மருந்து என்பதால், உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்தும்விட்டது. பழைய பொட்டலங்கள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன என்பதற்கு அது ஒரு சான்று.

மருத்துவர் எழுதிக்கொடுத்தது டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, குடிநீரில் கலந்து கொடுப்பதற்கு. கூண்டில் மேலும் சில கோழிகள் தும்மத் தொடங்கியிருந்ததைச் சொன்னதும், எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும்படி சொன்னார். லிட்டருக்கு அரை கிராம் டைலோசின் என்பது வழக்கமான அளவு. ஆனால் கடையில் கிடைக்கும் பொடிகளில் மருந்தின் செறிவு ஒன்றுபோல் இருப்பதில்லை. பொடியின் எடையை மருந்தின் எடையாகக் கொண்டால் அளவு தவறிவிடும். உறையில் உள்ள செறிவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவையே கலக்க வேண்டும்.

குடிநீரில் மருந்து என்பது கேட்க எளிது. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும்; மழை நாளில் அதற்கும் குறைவு. டைலோசின் கசப்பானது. கொல்லையில் மழைத்தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கியிருக்கும்போது, கசப்புத் தண்ணீரைக் கோழி ஏன் குடிக்க வேண்டும்? அதனால் மருந்து கொடுத்த நாள்களில் எந்தக் கோழியையும் வெளியே விடவில்லை. கூண்டில் இருந்த ஒரே தண்ணீர் மருந்துத் தண்ணீர்தான். தினமும் காலையில் புதிதாகக் கலந்தோம், முந்தைய நாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டோம். பஞ்சாரத்துப் பெட்டை தானாகக் குடிக்காததால் ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். வாயைப் பிளந்து ஊற்றினால் நாக்கடியில் திறந்திருக்கும் மூச்சுக்குழலுக்குள் நேராக இறங்கிவிடும். நோயால் சாகாத கோழி மருந்தால் சாகும்.

காற்றுப்பைகளில் இரத்தநாளங்கள் மிகக் குறைவு என்பதால் அங்கே மருந்து மெதுவாகவே சேரும். ஆகவே சத்தம் குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை கொடுப்பது அவசியம். மருந்து ஓடும் நாள்களிலும் அதன் பிறகு மருத்துவர் குறிப்பிட்ட காலம் வரையிலும் இட்ட முட்டைகளை யாரும் உண்ணவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, குழிவெட்டிப் புதைத்தோம்.

பராமரிப்பில் அதிகமாகப் பயன்பட்டது வெதுவெதுப்புதான். பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். குளிர்ந்தால் பல்புப் பக்கமும் சூடானால் மறுபக்கமும் அதுவே நகர்ந்துகொண்டது. அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு சிறிய தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த பஞ்சால் மூக்குப் பொருக்கை ஊறவைத்து எடுத்தேன். நகத்தால் பெயர்த்தால் இரத்தம் வரும். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சு மறு கண்ணுக்குப் போகக் கூடாது. தூசு பறக்கும் தவிட்டுக்குப் பதிலாகப் பழைய சோற்றில் கம்புமாவும் பொடியாக அரிந்த முருங்கைக்கீரையும் பிசைந்து வைத்தோம். வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுக்குழலின் உட்சவ்வு தானாகவே கெடும். முருங்கைக்கீரை அதற்கு நல்ல துணை.

தூதுவளை, துளசி, கற்பூரவல்லி ஆகியவற்றை அரைத்துத் தீனியோடு சேர்த்தும் கொடுத்தோம்; விருப்பமாகத் தின்றது, தீங்கொன்றும் இல்லை. மருந்துக்கு மாற்றாக அவற்றை நான் கருதவில்லை. மூக்கில் தைலம் தடவுவதையும், பஞ்சாரத்தை மூடித் தைல ஆவி பிடிப்பதையும் பலர் சொல்வார்கள். புண்ணாகியிருக்கும் சவ்வின் மேல் காரமான ஆவியைச் செலுத்துவது எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்ப் பசை மூக்குத் துளையை அடைக்கவும் செய்யும்.

இனி கூண்டு. என் மதிப்பீட்டில் இந்த முழுச் சிகிச்சையிலும் பெரும்பங்கு அதற்குத்தான். மைக்கோபிளாஸ்மா பல நாட்டுக்கோழிகளின் உடலில் ஏற்கெனவே சத்தமில்லாமல் இருக்கிறது. அதை எழுப்பிவிடுவது பெரும்பாலும் காற்று. கோழியின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அம்மோனியா மூச்சுக்குழலின் உட்புறத்தில் தூசையும் கிருமியையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை முடக்கிவிடும். காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் பின்பற்றும் வரம்பு. வீட்டில் அளக்கக் கருவி வேண்டியதில்லை. அதிகாலையில் கதவைத் திறந்தவுடன் குத்தவைத்து உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தால் போதும். நின்றபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்ததும் கண் எரிந்தது. தார்ப்பாய் சாரலோடு சேர்த்துக் காற்றையும் தடுத்திருந்தது.

கோழிகளைப் பஞ்சாரங்களிலும் பழைய விறகுக் கொட்டகையிலும் பிரித்து விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். மூன்று பக்கத் தார்ப்பாயையும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி இறக்கிக் கட்டினோம். அந்த இடைவெளி வழியே சாரல் அடிக்காமலிருக்க, பழைய துத்தநாகத் தகடுகளை மூங்கில் சட்டத்தில் அடித்துக் கூரையை இரண்டு முழம் வெளியே நீட்டினோம். ஏறி அடையும் கழியையும் சற்றுத் தாழ்த்தினோம். காற்று கோழிகளின் தலைக்கு மேலாகப் போக வேண்டும், உடம்பில் நேராக அடிக்கக் கூடாது. மேற்புறச் சுவரோரம் ஒரு வாய்க்கால் வெட்டியதும் கூண்டுக்குள் கசிந்துவந்த தண்ணீர் நின்றது.

தரையில் இருந்த கூளத்தைக் கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக ஒட்டிக்கொண்டது. நல்ல கூளம் விரலைத் திறந்ததும் உதிர வேண்டும். முழுவதையும் வாரி எருக்குழியில் கொட்டினோம். ஈரக் கூளத்தின் மேலேயே சுண்ணாம்பைத் தூவி நாற்றத்தை அடக்குவது பரவலாக நடக்கும் ஒன்று. சுண்ணாம்பும் சாம்பலும் காரத்தன்மை உள்ளவை. ஈர எச்சத்தில் பட்டால் உள்ளே அடங்கியிருக்கும் அம்மோனியா மொத்தமாகக் கிளம்பும். கூளத்தை நீக்கி, தரையைச் சுரண்டிக் கழுவி, காயவிட்ட பிறகு சுண்ணாம்பு பூசுவதில் பிழையில்லை. பிளீச்சிங் பவுடருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், இன்னும் கடுமையாக. எச்சம் கிடக்கும் தரையில் அதைக் கரைத்து ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும். மூடிய கூண்டுக்குள் குனிந்து தேய்ப்பவரின் நெஞ்சையே அடைக்கும்.

தரை உலர்ந்ததும் நான்கு விரல் கனத்துக்கு நெல் உமி பரப்பினோம். நிலக்கடலைத் தோல் இன்னும் நன்றாக ஈரம் உறிஞ்சும். ஆனால் அந்த நேரத்தில் கிடைத்த மூட்டையைத் திறந்ததும் பூசணவாடை அடித்தது. பூசணம் பிடித்த கூளத்தின் வித்துக்கள் கோழியின் நுரையீரலிலேயே வளரக்கூடியவை, அந்த நோய்க்கு மருந்து பயன்படுவது அரிது என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடையும் கழிக்கு நேர்கீழே ஒரு தகடு வைத்து மணல் பரப்பியிருக்கிறோம். இரவு எச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் விழுகிறது; காலையில் சுரண்டி எடுத்துவிட்டால் உமி வெகுநாள் உலர்ந்தே இருக்கிறது.

கூண்டிலிருந்த கோழிகளின் தும்மல் மருந்து முடிவதற்குள்ளாகவே நின்றுவிட்டது. பஞ்சாரத்துப் பெட்டைக்கு முதலில் கண்ணின் நுரை வற்றியது, பிறகு வாலசைவு நின்றது, கொறகொறப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போனது. கொண்டையில் சிவப்பு திரும்பிய பிறகும் முட்டையிடத் தொடங்க வெகுநாள் எடுத்துக்கொண்டது. இரவில் சத்தம் அறவே கேட்காத நிலை சில நாள் தொடர்ந்த பிறகே கூட்டத்தோடு சேர்த்தோம்.

நோய் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை; அடங்கியிருக்கிறது என்பதே சரி. மைக்கோபிளாஸ்மா தாக்கிய கோழி நலமான பிறகும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். குளிர், இடமாற்றம், இறகு உதிர்க்கும் காலம் எதிலும் மறுபடியும் தலைதூக்கலாம். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். ஆகவே இதன் முட்டைகளை அடைவைப்பதில்லை. வேறு கோழியின் முட்டைகளை இதன் அடியில் வைக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். தாயின் மூச்சே குஞ்சுகளுக்குத் தொற்றாகும் என்பதால் அதுவும் கூடாது. குஞ்சு காப்பதில் எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்காரி என்பதால் எனக்கு இதில் வருத்தமுண்டு. அடைக்கு உட்காரும்போதெல்லாம் அடை தெளியவைத்துவிடுகிறோம்.

இதைச் சந்தையில் விற்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். சளிப் பிடித்த கோழியைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்று வாரச்சந்தைக்குக் கொண்டுபோவதால்தான் ஓர் ஊர்க் கொறகொறப்பு பத்து ஊருக்குப் போகிறது. அதே காரணத்தால், சந்தையிலிருந்து வாங்கிவரும் எந்தக் கோழியையும் இப்போது ஒரு மாதம் தொழுவத்தில் தனியே வைத்து, இரவில் காதுகொடுத்துக் கேட்ட பிறகே கூண்டில் விடுகிறோம்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி மட்டும் பாக்கியிருக்கிறது. எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு இறக்கையடியில் போடும் ஆர்2பி ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ்; மூச்சுக் கோளாறு உள்ள கோழிக்குப் போட்டால் நிலைமை மோசமாகும் என்று மருத்துவர் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். கால்நடைத் துறையின் இருவாரத் தடுப்பூசி முகாம் எங்கள் ஊருக்கு வரும்போது மற்றவற்றோடு சேர்த்து இதையும் அவரிடம் காட்டி, நெஞ்சைக் கேட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.